கோடு வரைக்கும் தண்ணி

ஆத்துல படகு விடுற இடத்துல எனக்கு என்ன வேலைன்னா, வர்றவங்களுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு வாரை இழுத்து இறுக்குறது. காரைக்காலுக்கு வெளிய பாலத்தடியில ஏறி, தென்னந்தோப்பை ஒட்டியே போயி, ஆத்துக்குக் குறுக்க இருக்குற ஷட்டருக்கு முன்னாடி கரையேறணும். காயக்னு பேரு. ஒருத்தரோ ரெண்டு பேரோ காலை நீட்டி உக்காந்து தாங்களே துடுப்புப் போட்டுக்கிற சின்னப் படகு. புதுச்சேரி, சென்னை, பெங்களூர்னு எங்கெங்கிருந்தோ வருவாங்க. பொய் சொல்லுவானேன், எனக்கு அந்த வேலை பிடிச்சுத்தான் இருந்துச்சு. களை பறிச்சுக் குனிஞ்சே கெடந்த முதுகுக்கு நிமிந்து நிக்கிற வேலை.

படகு தரை தட்டாம இருக்கணும்னா ஆத்துல தண்ணி நிக்கணும். அதுக்காகப் பாலத்துத் தூணுல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தாங்க. ஷட்டரை இறக்கி, தண்ணி அந்தக் கோட்டுக்குக் குறையாமப் பாத்துக்குவாங்க. வெயில் காலத்துல அதால யாருக்கும் தொந்தரவு இல்ல. கார்த்திகை மழை பிடிச்சப்பதான் வந்துச்சு வினை.

வரிச்சிக்குடி பக்கம் எங்க வயல் பள்ளத்துல இருக்கு. மழைத் தண்ணி வடிவாய்க்கால்ல எறங்கி, வாய்க்கால் ஆத்துல விழுந்து, ஆறுதான் கடலுக்குக் கொண்டு போவணும். ஆத்துல தண்ணி கட்டி நின்னா வாய்க்கால் எங்க போயி வடியும்? எதுத்துக்கிட்டு வயலுக்கே திரும்பி வரும். அந்தச் சமயம் எங்க சம்பா சூல்கட்டி நிக்குது. கதிர் இன்னும் தாளை விட்டு வெளிய வரல. அப்ப முழுவுனா அவ்வளவுதான், உள்ளுக்குள்ளேயே அழுவிப் போயிடும். அந்த வெளைச்சலை நம்பித்தான் எங்களுக்கு அடுத்த தை வரைக்கும் சோறு.

மழை பிடிச்ச மறுநாளே எங்க வீட்டுக்காரர் நான் வேலை பாக்குற எடத்துக்கு வந்துட்டார். அதுக்கு முன்ன அவர் அங்க எட்டிப் பாத்ததே இல்ல. தலையில உரச்சாக்கைக் கொங்காணியாப் போட்டுக்கிட்டு, சூப்பர்வைசர் முன்னாடி கையைக் கட்டி நின்னார்.

"ஷட்டரைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க தம்பி. வயல் முழுவுது."

அந்தத் தம்பி கெட்ட பையன் இல்ல. எங்களுக்கு எதிர்லயே போன் போட்டுக் கேட்டான். கேட்டுட்டு மொகம் தொங்கிப் போச்சு.

"ஞாயித்துக்கிழமை படகுப் போட்டி இருக்குண்ணே. பெரியவங்க எல்லாம் வர்றாங்களாம். திங்கக்கிழமை காலையில தொறந்துடுவாங்களாம்."

"இன்னும் ஒரு வாரம் கெடக்கே தம்பி! அதுவரைக்கும் பயிர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டா இருக்கும்?"

தம்பி போனைப் பையில போட்டுக்கிட்டான். "இஞ்சாருங்க, ஊர்ல நாலு பேரைக் கூட்டிக்கிட்டு நீங்களே போய்த் தூக்குங்க"ன்னு எல்லார் காதுலயும் விழட்டும்னுதான் சொன்னேன். போனாங்க. ஷட்டருக்குப் பூட்டு போட்டிருந்துச்சு. காவலுக்கு நின்ன போலீஸ்காரர், "நானும் வெவசாயி வீட்டுப் புள்ளதாங்க, என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாராம். கும்பிட்டவரை என்ன பண்ண முடியும், திரும்பி வந்துட்டாங்க. மழையும் விடுற வழியக் காணோம்.

ஞாயித்துக்கிழமை மட்டும் பளிச்சுனு வெயில் அடிச்சுது, சண்டாள வெயில். பந்தல், மைக்கு, பூமாலைன்னு ஒரே ஆரவாரம். தண்ணி கோட்டைத் தாண்டி ரெண்டு மொழம் மேல நின்னுச்சு. "அடேயப்பா, என்னா தண்ணி!"ன்னு மைக்குல பேசினவர் ஆத்தைப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போனார். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாரை இழுத்தேன். பச்சை ரிப்பன் கட்டின ஒரு பொண்ணு, "அக்கா, மூச்சு முட்டுது"ன்னுச்சு. அது என்ன பாவம் பண்ணுச்சு? தளத்திவிட்டேன்.

சாயங்காலம் கூட்டம் கலைஞ்ச பெறவு எங்க வீட்டுக்காரர் வந்தார். "ஒரு படகு குடுக்கச் சொல்லு. பயிரைப் பாக்கணும்"னார். வாய்க்கால் கரை உடைஞ்சு, வரப்பு எது வாய்க்கால் எதுன்னு தெரியாம ஆறும் வயலும் ஒரே தண்ணியாக் கெடந்துச்சு. கால் வெச்சா எங்க இழுக்கும்னு சொல்ல முடியாது. சூப்பர்வைசர் தம்பி துடுப்பை எடுத்துக் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

அவருக்கும் நான்தான் ஜாக்கெட் மாட்டிவிட்டேன். பொழுதன்னைக்கும் இந்தத் தண்ணியில நின்ன மனுசன், கொழந்தை மாதிரி கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நின்னார். நான் முன்னாடி, அவர் பின்னாடி உக்காந்தோம். ஒடப்பு வழியா வயலுக்குள்ள போனோம். எங்க வயல் இதுதான்னு மூலையில இருந்த ஒத்தைப் பனையை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்.

அவர் தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கினார். ஒரு தாளை நகத்தால கீறிப் பிரிச்சு என் தோளுக்கு மேல நீட்டினார். உள்ள கதிர் வெள்ளையா இருக்கணும். பழுப்பேறிக் கொழகொழன்னு இருந்துச்சு, நாத்தம் மூக்கைத் தொளைச்சுது. இன்னொண்ணைப் பிரிச்சார். அதுவும் அப்படித்தான். நான் திரும்பி அவர் மொகத்தைப் பாக்கல, எனக்குத் தெம்பில்ல.

அந்த நேரம் பாத்து ஒடப்புக்குள்ள இன்னொரு படகு வந்துச்சு. அந்தப் பச்சை ரிப்பன் பொண்ணுதான், போட்டி முடிஞ்சும் கரையேறாமச் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. ஏதோ ஏரின்னு நெனைச்சு உள்ள வந்திருக்கு. எங்களைப் பாத்துச் சிரிச்சுக் கையை ஆட்டுச்சு. எங்க வீட்டுக்காரரும் மரியாதைக்குக் கையைத் தூக்கினார், அழுவுன பயிரோட.

"அங்கிள், அது என்ன செடி?"

"நெல்லும்மா. சம்பா."

அந்தப் பொண்ணு சிரிப்பை நிறுத்திட்டுக் கீழ தண்ணியைப் பாத்துச்சு, நாலு பக்கமும் பாத்துச்சு. துடுப்பைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துடுச்சு. எங்க போட்டாலும் பயிர் மேல படுமேன்னு நெனைச்சிருக்கும் போல.

"போட்டுக்கிட்டுப் போம்மா, பரவாயில்ல"ன்னார் அவர். "இனிமே அதுல கெடறதுக்கு ஒண்ணும் இல்ல."