ஜமுனாக்காவின் மூன்றாவது நூறு

இவ்வளவு இரவான பிறகு உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள், வசந்தாக்கா. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பதினாறாம் நாளுக்கு நீங்கள் அச்சிடும் சிறு புத்தகத்தில், உங்கள் தங்கையோடு ஒரே கட்டடத்தில் இருந்தவள் என்ற முறையில் நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது.

செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் வாட்ச்மேன் முனுசாமி. போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனவர், தடதடவென்று இறங்கி வந்து என் கதவைத் தட்டினார்.

"யம்மா, மேல ஜமுனாக்கா படுத்துகினு கீதும்மா. கூப்ட்டா ஏந்திரிக்க மாட்டேங்குது. சீக்கிரம் வாம்மா!"

நர்சிங் ஹோமில் பார்த்த டாக்டர் மாரடைப்பு என்றார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை.

ஜமுனாக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் டைப்பிஸ்டாக உட்கார்ந்தே வேலை பார்த்தவர். தனியாக வாழ்ந்தவர். நாற்பத்தாறு வயதில், படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதென்று டாக்டரிடம் போனார். அவர் நடக்கச் சொன்னார். மயிலாப்பூரில் நடப்பதாவது! "மாட வீதியை ஒரு சுத்து வர்றதுக்குள்ள பத்து பேர் நிறுத்தி, ஏன் இன்னும் தனியா இருக்கேன்னு விசாரிக்கறாங்க. கயிறு ஒண்ணும் விசாரிக்காது பாரு" என்றார். டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் ஸ்கிப்பிங் கயிற்றுக்கு மாறினார்.

அதை வாங்கப் பாண்டி பஜாருக்கு நானும் கூடப் போனேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். நடைபாதைக் கடைக்காரர், "பாப்பாவுக்கு இன்னா வயசும்மா?" என்று கேட்டார்.

"நாப்பத்தாறு" என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"அப்ப இந்த ரோஸ் கலரு வாணாம். கட்டைப் பிடி வெச்சது எடுத்துக்கோ, தாங்கும்" என்றார் அவர், அவரும் சிரிக்காமல்.

ஆரம்பத்தில் முப்பது குதித்தாலே உட்கார்ந்துவிடுவார். ஏழெட்டு மாதத்தில், நூறு குதிப்பு, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி நூறு என்று ஆறு நூறு வரை வந்துவிட்டார். திங்கள், செவ்வாய், வியாழன், சனி. மற்ற மூன்று நாளும் கயிற்றைத் தொட மாட்டார். "தினம் குதிச்சா முட்டி கோவிச்சுக்கும். என்னிக்கோ ஒரு நாள் குதிச்சா நெஞ்சு மறந்துடும். நாலு நாள்னா ரெண்டும் சமாதானமாப் போகும்" என்பது அவர் வாக்கு.

குழந்தை பிறந்தபின் எங்களுக்குள் சண்டை வந்தது. எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. மாடியின் மறுபக்கம் தொட்டியும் துணிக்கொடிகளும் இருந்ததால், அவர் குதிக்கும் இடம் எங்கள் படுக்கையறைக்கு மேலேதான். காலை ஆறு மணிக்குத் தொம், தொம். ஒருநாள் மேலே போய்ச் சத்தம் போட்டேன். அடுத்த முறை அவர் ஒரு பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் குதித்தார். சத்தம் பாதியானது. அந்தப் பாதியைப் படுத்தபடியே எண்ண நான் பழகிக்கொண்டேன்.

படியில் பார்த்தால் கேட்பார்: "இன்னிக்கு எத்தனைடி?"

"அஞ்சு நூறுக்கா."

"ஆறு! ஒண்ண முழுங்கிட்டியே. பி.எஸ்ஸி கணக்காம், பேருதான்!"

கயிறு காலில் சிக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எந்த நூறையும் குறையாக விட்டதில்லை. அது எனக்குத் தெரியும். இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் நான்கு தாள்களைக் கிழித்தேன்.

புதன்கிழமை மாலை குழந்தைக்குக் காய்ச்சல். படியில் அவரை நிறுத்தி, "அக்கா, நாளைக்கு ஒரு நாள் வேண்டாமே. இவ விடிகாலைலதான் கண்ணு மூடுவா" என்றேன்.

குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு நாள் விட்டா அப்புறம் விட்டதுதான். மூணு நூறோட நிறுத்திக்கறேன், போ. நீ கொஞ்சம் தூங்கு."

வியாழன் காலை ஒரு நூறு கேட்டது. ஓய்வு. இரண்டாவது நூறு. ஓய்வு. மூன்றாவது, எழுபத்து மூன்றில் நின்றது. அதன்பின் மெத்தென்று ஓர் ஓசை கேட்டதா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. சொன்ன மூன்று நூறுகூட முடிக்காமல் எங்களுக்காக இன்னும் குறைத்துக்கொண்டாரே, எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்தேன். எழுபத்து மூன்று என்பது உறுத்தத்தான் செய்தது. ஆனால் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தாள். எழுந்தால் கட்டில் கிரீச்சிடும். முனுசாமி கதவைத் தட்டும்வரை, முக்கால் மணி நேரத்துக்கு மேல், படுத்தே இருந்தேன்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். "அப்பவே போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, விடு" என்கிறார். டாக்டர் பாதியில் நிறுத்தியதை அவர் கேட்கவில்லை.

இங்கே எல்லோரும், "இந்த வயசுல குதிக்கலாமா? அதான்" என்று கயிற்றின்மேல் பழி போடுகிறார்கள். என்னிடம் சொன்னபோது நானும் தலையாட்டினேன். உங்கள் புத்தகத்திலும் அப்படி வந்துவிடக் கூடாது. அவர் அளவு தெரிந்து, ஓய்வு தெரிந்து குதித்தவர்.

முனுசாமி எடுத்து மாட்டிய கயிறு இன்னும் தொட்டிக் குழாயில் தொங்குகிறது. ஜமுக்காளத்தையும் யாரும் எடுக்கவில்லை. நடுவில் இரண்டு பாதங்களின் அளவுக்கு நைந்திருக்கிறது. இன்று சனிக்கிழமை, அவர் நாள். ஆறு மணிக்குத் தானாக விழிப்பு வந்து, மேலே பார்த்தபடி கிடந்தேன். குழந்தை ஏழரை வரை அசையாமல் உறங்கினாள்.

போய் வாருங்கள், ஜமுனாக்கா. உங்களை நான் எண்ணினேன், எழுந்து வரவில்லை.

வசந்தாக்கா, இதை அச்சுக்குக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் விருப்பம். என்னைத் திட்டினாலும் சரி, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.