செல்வி அக்காவிடம் யாரும் சொல்லாத ரிசல்ட்

செல்வி அக்கா போய்விட்டார். சற்று முன்புதான் அவர் மகள் போன் செய்தாள். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை...

பழைய லேப் நண்பர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் மூலிகை ஆராய்ச்சிக் கூடத்தில் இலை காயவைப்பது, அரைப்பது, தட்டு கழுவுவது எல்லாம் அவர்தான். டத்தோ கிராமாட்டிலிருந்து பஸ் பிடித்து எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார்.

வாய் சும்மா இருக்காது. ஒரு மூட்டை இலையை அரைத்துக் கொடுத்தால் கடைசியில் ஒரு சின்னக் குப்பியின் அடியில் கொஞ்சம் பசை தேறும். "ஒரு மூட்டைய முழுங்கிட்டு ஒரு ஸ்பூன் துப்புது தம்பி ஒன் மெஷினு" என்பார்.

கிருமி வளர்க்கும் தட்டுகளுக்கு அவர் வைத்த பெயர் "ஒன் புள்ளைங்க". காலையில் என்னைப் பார்த்ததும் "புள்ளைங்க எந்திரிச்சிட்டாங்களா?" என்றுதான் கேட்பார்.

போன வருடம் பாலிக் பூலாவ் பக்கம் பறித்த ஒரு இலை... பெயர் சொல்ல மாட்டேன், யாராவது போய்ப் பறிப்பீர்கள். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமி தட்டு முழுக்க வளர்ந்திருந்தது. அந்த இலைச்சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் சுத்தமாக ஒரு வட்டம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "பாருங்கக்கா, கிருமி செத்துப்போச்சு!" என்று காட்டினேன்.

"நான் அரைச்ச இலையா தம்பி?" என்று கேட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று முறை செய்து பார்த்தோம். வட்டம் வரவே இல்லை. முதல் தடவை எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம்.

மீட்டிங்கில் சொன்னேன். நோட்டில் எழுதினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

நல்ல ரிசல்ட் வந்தால் பலகாரம் வாங்கி எல்லாரையும் கூப்பிடுவோம். வராவிட்டால், தட்டு கழுவுகிறவரிடம் போய்ச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவராகத் தெரிந்துகொள்ளவும் வழி கிடையாது. கிருமி சாக வேகவைத்த பிறகுதான் தட்டுகள் அவரிடம் போகும், அப்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. போன மாதம் நொண்டி நொண்டி நடந்தார். என்னவென்று கேட்டேன். "செருப்பு கடிச்சிருச்சு லா, நீ ஒன் வேலைய பாரு" என்றார்.

பார்த்தேன். என் வேலையை.

காலுறைக்குள், புண்ணின் மேல், வட்டம் காட்டிய அந்த இலையை அரைத்துக் கட்டியிருந்தார். காய்ச்சல் வந்து மகள் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்துப்போயிருந்தது.

கால் எடுத்த மறுநாள் வார்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கேட்டார். "தட்டுல செத்துச்சே தம்பி... என் கால்ல ஏன் சாகல?"

சொன்னேன். அந்த வட்டம் மறுபடி வரவே இல்லை அக்கா, என்று.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"போன வருசமே தெரியும்க்கா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாளை காலை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். லேப் ஆட்கள் எல்லாரும் வாருங்கள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. போய் வாருங்கள் அக்கா.