சுடுதண்ணீர்த் தழும்பு

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பார்கள். ஒரே ஒரு பொய்க்கு மட்டும் விலக்கு இருந்தது. அதை நான் ஆறு வயதிலேயே மனப்பாடம் செய்து, கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத் தடுமாறாமல் ஒப்பிப்பேன். "சின்னப் புள்ளையா இருந்தப்போ சுடுதண்ணி கொட்டிருச்சு."

உண்மையில் என்மேல் எதுவும் கொட்டவில்லை. என் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியில், வால்வுக்குக் கீழே, பிறவிக் கோளாறாக ஒரு சவ்வு குறுக்கே வளர்ந்திருந்தது. நாலு வயதில் நெஞ்சைத் திறந்து அதை வெட்டி எடுத்தார்கள். அது திரும்ப வளரலாம், வருடா வருடம் ஸ்கேன் பார்க்க வேண்டும், ஓட்டப் போட்டியெல்லாம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளியில் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமும் தந்திருந்தார். அது புக்கிட் பாஞ்சாங் வீட்டில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் மிகப் பத்திரமாக இருந்தது. பள்ளிக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

காரணம் எங்கள் தமிழ் டீச்சர். பாவம், அவர் ஒரு தப்பும் செய்தவரில்லை. பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான் என்பதால், எங்களைப் பற்றிய எந்த விஷயத்துக்கும் ஆபீஸில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரோ வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய், அப்பாவின் அக்காவான என் அத்தையோடு உட்கார்ந்து பூக்கட்டுகிறவர். டீச்சருக்குத் தெரிந்தால் கோயிலுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரிந்தால் லிட்டில் இந்தியா முழுக்கத் தெரியும் என்று கணக்குப் போட்டது அத்தைதான்.

"பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். ஹார்ட் ஆப்பரேஷன்னு எழுத்துல குடுத்து வைக்காதீங்க" என்றாள்.

பள்ளி அனுப்பிய படிவத்தில், நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு அம்மா 'இல்லை' என்று முத்துமுத்தாக எழுதினாள். செம்பவாங் கப்பல் பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் ஓட்டப் போட்டி வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றுவலி வரும். அம்மா காலண்டரைப் பார்த்து அதை வரவழைப்பாள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்கில் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கிக்கொள்வோம். ஸ்கேனுக்கு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு ஏழு வயதில், இதய மருத்துவப் பிரிவின் வாசலில் கோயிலில் பார்த்துப் பழகிய ஒரு அம்மாளைக் கண்டுவிட்டாள் அம்மா. என்னை இழுத்துக்கொண்டு கழிவறைக்குள் புகுந்தவள், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். நேரே வீட்டுக்குப் போனோம். பிறகு மூன்று வருடம் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. புள்ள நல்லாத்தானே இருக்கா என்று அத்தை சொன்னாள். நானும் பார்க்க நன்றாகத்தான் இருந்தேன்.

தொடக்கநிலை நான்காம் வகுப்பில் நான் இருந்தபோது மழை வந்து காரியத்தைக் கெடுத்தது. வியாழக்கிழமைப் போட்டியைத் திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். வியாழக்கிழமை வயிற்றுவலி வீணாய்ப் போனது. தேதி மாறியதை நான் வீட்டில் சொல்லவில்லை. வருடா வருடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் மாதிரி ஒரு தடவை ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஓடினேன். இரண்டாவது சுற்றில் நான்கு பேரைத் தாண்டினேன். அந்தச் சந்தோஷத்தை இன்றுகூட நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நெஞ்சை யாரோ கையால் பிசைவது போலிருந்தது, கண் இருட்டியது. அதற்குமேல் மூக்கில் ஏறிய ஈரப் புல்லின் வாசனைதான் நினைவிருக்கிறது.

விழித்தபோது ஆம்புலன்ஸில் கிடந்தேன். பக்கத்தில் தமிழ் டீச்சர். மலாய்க்கார ஊழியர் ஒருவர் என் சட்டையைத் திறந்து, நெஞ்சின் நடுவே ஓடிய தழும்பைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் ஆங்கிலத்தில் ஏதோ அவசரமாகக் கேட்டார்.

"என்னம்மா இது? ஆப்பரேஷன் செஞ்சதா? பயப்படாம சொல்லும்மா, மருந்து குடுக்கணும்ல" என்றார் டீச்சர்.

நான் மூச்சுக் கவசத்தை ஒதுக்கி, "சுடுதண்ணி கொட்டிருச்சு, டீச்சர்" என்றேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். சுடுதண்ணீர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கொட்டாது என்பது அந்த ஊழியருக்குத் தெரிந்திருந்ததால் பிழைத்தேன். மூச்சு முட்டுகிற நேரத்தில்கூடச் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மருத்துவமனைக்கு ஓடிவந்த அம்மா முதலில் பார்த்தது என்னை அல்ல, டீச்சரைத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கோயில்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று அழுதாள். டீச்சர் கையை விடுவித்துக்கொண்டு, "புள்ளையப் போய்ப் பாருங்க" என்றார். அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சீன டாக்டர் ஒருவர் வந்தார். சவ்வு திரும்ப வளர்ந்து வழியை அடைத்திருக்கிறது, அதில் பீறிட்ட ரத்தம் மோதி மோதி வால்வும் கெட்டிருக்கிறது, மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார். ஸ்கேன் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். அந்த வால்வு இன்றைக்கும் கசிகிறது. மூன்றாவது தடவை எப்போது திறப்பது என்று இப்போதும் ஒரு டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பிள்ளை பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டார். பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அவர் கிளம்பும்போது அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பழைய கோட்டு மேலயே வெட்டுவாங்களான்னு கேளுங்க. புதுசா இன்னொன்னு வேணாம்."

அப்பா டாக்டரைக் கூப்பிட்டு நிறுத்தினார். பிறகு கேட்டார். அதே இடத்தில்தான் என்று டாக்டர் தலையாட்டினார். அம்மா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு இன்னொரு இடத்தில் வலிக்கக் கூடாதென்றுதான் அம்மா இவ்வளவு பாடுபடுகிறாள் என்று நினைத்தேன். அவள் கையை எடுத்து முத்தம் கொடுத்தேன்.