நிலைவாசல் அம்மனுக்கு எழுதிய நிலம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். நான் முதலில் பார்த்தது ஈரம் காயாத பெயின்ட். பண்ணையார் வீட்டுத் தலைவாசல் நிலைக்கு மேலே, தேக்கில் செதுக்கிய கஜலட்சுமி. தாமரையில் அம்மன், இருபுறமும் துதிக்கை தூக்கிய யானைகள், ஓரங்களில் கிளிகள். பழைய காவியும் நீலமும் எனாமலுக்கு அடியில் போய்விட்டன. அம்மனின் புடவையிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு யானையின் நெற்றியில் வழிந்திருந்தது. கீழே ஒரு புது உண்டியல்.

அப்போது நான் ஒரு நாளிதழுக்கு நாகப்பட்டினம் நிருபர். நில உச்சவரம்புக்கு மேல் இருப்பதை அரசு எடுத்து, நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பொதுக் கோயில் நிலத்துக்கு விலக்கு உண்டு. பண்ணையார் தன் உபரி நிலத்தை இந்த அம்மன் பெயரில் எழுதிவைத்துவிட்டு, வீட்டு வாசலைப் பொதுக் கோயில் என்று மனு கொடுத்திருந்தார். விசாரிக்கத் தாசில்தார் வருவதாகத் தகவல்.

டெல்டாவில் வசதியான எந்த வீட்டு நிலையிலும் ஒரு லட்சுமி இருப்பாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். பண்ணையார் கணக்குப்படி அவையெல்லாம் கோயில் என்றால், எந்தத் தெருவிலும் வீடே மிஞ்சாது.

பண்ணையார் தோளில் ஆளுங்கட்சிக் கரைத்துண்டு.

"சாமி இல்லைன்னு மேடையில பேசுனீங்களே?" என்று கேட்டேன்.

"அது கட்சி, தம்பி. இது குடும்பம்."

"அப்ப இது குடும்பச் சாமியா, ஊர்ச் சாமியா?"

"ஊருக்கே பொது. எழுதிக்கங்க."

தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றினார். விசாரணை தொடங்கும் முன்பே முடிவு அவர் காலில் தெரிந்தது.

அப்போதுதான் அஞ்சலை வந்தார். பண்ணையின் நடவுக் கூலி. உபரியில் ஒரு துண்டு நிலம் கேட்டு மனு போட்டிருந்தவர். கையில் தேங்காய், சூடம். பின்னால் சேரிப் பெண்கள் சிலர். அதுவரை அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாக மட்டுமே வந்தவர்கள்.

"எங்க வந்தீங்க?" என்றார் பண்ணையின் கணக்குப்பிள்ளை.

"சாமி கும்பிட. பொதுக் கோயிலாமே?"

"பின்பக்கமா வா."

"அம்மன் முன்பக்கமுல்ல இருக்கு. முதுகையா கும்பிடுறது?"

"உண்டியல் வேற வச்சிருக்காகளே, முந்தியில காசு இருக்காடி?" என்று பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

அஞ்சலை படியில் கால் வைத்தார். பண்ணையார் குறுக்கே கை நீட்டினார்.

"எறங்குடி. இது என் வீடு."

"அதைத்தாங்க ஐயா, தாசில்தாரு காதுல விழற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க."

தாசில்தார் அண்ணாந்து கஜலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்கல்ல சார்?" என்றேன்.

"நான் தரிசனத்துல இருந்தேன்," என்றார்.

பெண்கள் தெருவுக்கு இறக்கப்பட்டார்கள். தேங்காய் உடையவில்லை.

'இது என் வீடு' என்பதை அப்படியே மேற்கோளாக, செய்தியின் கடைசிப் பத்தியில் வைத்து அனுப்பினேன். அந்த ஒரு வாக்கியத்தில் பண்ணையாரின் மனு செத்திருக்க வேண்டும். செய்தியைத் திருத்தும் டெஸ்க் அதை வெட்டிவிட்டு, 'சிறு சலசலப்பு ஏற்பட்டது' என்று போட்டது. போனில் கேட்டதற்கு, "இடம் இல்லப்பா" என்றார் சப்-எடிட்டர். அதே பக்கத்தில் பண்ணையாரின் பொங்கல் வாழ்த்து விளம்பரம், கால் பக்கம், படத்தோடு.

புதிதாக வரும் நிருபர்களுக்கு நான் சொல்வது இதுதான். சம்பந்தப்பட்டவர் சொன்ன வார்த்தையை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள். கடைசிப் பத்தியில் வைத்தால் கத்திரிக்குப் போகும். 'சலசலப்பு' என்று எங்கே அச்சானாலும், யாருடைய பேச்சை எடுத்துவிட்டு அதைப் போட்டார்கள் என்று கேளுங்கள்.

விலக்கு கிடைத்தது. அஞ்சலையின் மனு தள்ளுபடியானது. அடுத்த சம்பா நடவுக்கு அந்தப் பெண்களுக்குப் பதிலாகப் பண்ணையில் வெளியூர் ஆட்கள் இறங்கினார்கள்.