சொரசொரப்பான சுவர்

திருப்பதியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாக்கித் தர வேண்டும். அதில் தெரியும் கல், மரம், ஓடு எல்லாமே புகைப்படங்கள்தான். மென்பொருளுக்குள் கொண்டுவந்து சுவர்மேல் போர்த்திவிடுவோம்.

நகரியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு அப்படித்தான் வீட்டின் முகப்பைக் காட்டினேன். இணையத்தில் எடுத்த கல்லை உற்றுப் பார்த்தார்.

"இது எங்கியோ பனி பெய்ற ஊரு கல்லும்மா. நம்ம கல்லு வேணும். தொட்டா கைக்கு சொரசொரன்னு இருக்கணும்."

திரையைத் தொட்டால் எல்லாக் கல்லும் வழவழப்புதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் வடமாலபேட்டைப் பக்கம் போனேன். சாலையோர வீடொன்றில் அருமையான கல்சுவர். நேராக நின்று பகுதி பகுதியாகப் படமெடுக்கும்போது ஓர் அம்மாள் ஓடிவந்து தெலுங்கில் அதட்டினாள். நான் தமிழில் பேசியதும் அவளும் தமிழுக்கு மாறினாள்.

"ரோடு அகலம் பண்றதுக்கு மார்க் பண்ணிக்கினு போறியா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டர்ல வீட்டுப் படம் போடறேன். அதுக்கு இந்தக் கல்லு வேணும்."

"கல்லு வேணும்னா குவாரிக்குப் போ. போட்டோவ எடுத்துக்கினு போயி எப்படி வூடு கட்டுவ?"

நியாயமான கேள்வி. போனில் நான் செய்த வீடு ஒன்றைக் காட்டினேன். படம் மட்டும்தான், வீடு இன்னும் இல்லை என்றதும் அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்தவள், நான் தடுப்பதற்குள் சுவரைக் கழுவிவிட்டாள்.

"இப்ப எடு. அழுக்கோட எடுத்தா எங்க மானம்தான போவும்?"

ஈரக் கல் பளபளத்தது. அப்படியே எடுத்தால் வீடு முழுக்க மழையில் நனைந்ததுபோல் இருக்கும். சுவர் காயும்வரை அவள் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்தப் படங்களை மென்பொருளில் ஏற்றினேன். முதலில் ஒவ்வொரு கல்லும் பஸ் அளவுக்கு வந்து நின்றது. அளவைக் குறைத்து, ஒட்டுகள் தெரியாமல் இணைத்து முடித்தபோது எனக்கே கர்வமாக இருந்தது. தலைமையாசிரியரை வரவழைத்தேன்.

"நல்லாதான் இருக்குது," என்றார். "ஆனா பழைய சுவரு மாதிரி இருக்குதே. இது புது வீடும்மா."

கறையை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பாசியையும் எடுத்தேன். கற்கள் பெரிதும் சிறிதுமாக, பிரேயருக்கு வரிசையில் நிற்காத பிள்ளைகள் மாதிரி இருப்பதாகக் குறைப்பட்டார். எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினேன்.

"இப்பதான் நெஜக் கல்லு மாதிரி இருக்குது!" என்று மனம் நிறைந்து போனார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது அந்த வீட்டில் கல்லே இல்லை. கல்லில் தூசி தங்கும் என்று மேஸ்திரி பயமுறுத்தினாராம். கல்லின் படம் அச்சிட்ட டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர் என்னைத் தம் சம்பந்திக்கு அறிமுகப்படுத்தினார். சம்பந்தி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்கும் இதையே கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டும்மா."

சரி என்று டைல்ஸைப் படமெடுத்தேன். வேலை சுலபம், கறையுமில்லை, பாசியுமில்லை. அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டதாகக் கூப்பிட்டார்கள்.