ஊசி குத்திய பிறகு

தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வார்டில் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்து முடித்து ஊசியை உருவும்போது அவர் கையை உதறிவிட்டார். ஊசி என் விரலில் இறங்கியது. கையுறைக்குள் சிவப்பாக ஒரு பொட்டு.

கூட நின்ற தோழி பதறினாள். "பிதுக்குடி, நல்லாப் பிதுக்கி விடு!"

பிதுக்கவும் கூடாது, வாயில் வைக்கவும் கூடாது என்று பாடத்தில் படித்திருந்தேன். ஊசியை அதற்குரிய டப்பாவில் போட்டேன். கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். உடனே வார்டு சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"மறைக்காம வந்தியே, அதுவே பெருசு. ஹெச்.ஐ.வி. தொத்தாம இருக்க மாத்திரை போடணும்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுடணும். வா, டாக்டரைப் பாத்துடுவோம்."

நோயாளியின் சம்மதம் வாங்கிப் பரிசோதித்தார்கள். ஹெச்.ஐ.வி. இருந்தது. ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக்கு நான் முன்பே தடுப்பூசியை முழுக்கப் போட்டிருந்ததால் அந்தப் பயம் இல்லை. எனக்கும் ரத்தம் எடுத்துவிட்டு, அப்போதே முதல் மாத்திரையைக் கொடுத்தார் டாக்டர். "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா ஒரு மாசம், ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றார்.

குமட்டிக்கொண்டே இருந்தது. சோற்று வாசனையே ஆகவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பூதலூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோதும் மாத்திரையை எடுத்துப் போனேன்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. என்னைப் படிக்க வைக்க அப்பாவோடு சண்டை போட்டவள் அவள்தான். என்ன மாத்திரை என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"தூக்குனாலெல்லாம் வராதுக்கா."

"தெரியுதுடி. மனசு கேக்கல. இப்ப வேணாம்."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அப்பா எழுந்து போனார்.

அடுத்த சில மாதங்களில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. இனி வர வேண்டாம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். பஸ் பிடித்து நேராக அக்காவின் புகுந்த வீட்டுக்குப் போனேன்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா."

"நல்லதாப் போச்சுடி" என்றாள். அழுதாள். ஆனால் குழந்தையைத் தரவில்லை. "இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. எங்க மாமியார் புள்ளையை உன்கிட்ட குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ரிசல்ட்டை அவள் மாமியாரிடமே காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல், "காப்பி சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார். காகித டம்ளரில் வந்தது.

இப்போது நான் நர்ஸ். விரலில் ஊசி குத்திக்கொண்டு அழும் மாணவிகளை முதலில் குழாயடிக்கு, பிறகு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். வீட்டில் சொல்லலாமா என்று கேட்பார்கள். "முதல்ல மாத்திரையைப் போடு" என்று தண்ணீரை நீட்டுவேன்.

அக்கா மகள் பள்ளிக்குப் போகிறாள். என்னைக் கண்டால் வாசலிலேயே நின்று, பக்கத்தில் வரலாமா என்று தன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள்.