செல்லாத வெள்ளைப் பூ

என் மூத்த பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. நடக்கவே மூன்று வயதானது. பேச்சு இன்னும் திருந்தவில்லை. பட்டணத்துப் பெரிய டாக்டர் அவள் கண்ணையும் உள்ளங்கையையும் பார்த்துவிட்டு 'மங்கோல் குழந்தை' என்றார். இப்போது டவுன் சிண்ட்ரோம் என்பதை எண்பதுகளில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், படித்த வாய்க்குக் கூச்சம் கிடையாது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை, அதனால் அவளை 'அது' என்றார்கள்.

இரண்டாவது உண்டானதும் என் வீட்டுக்காரர் விஞ்ஞானி ஆகிவிட்டார். கிண்டியில் லேத் ஓட்டுபவர். வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று தெரிந்துவிடும் என்று கூட வேலை பார்த்த எவனோ சொன்னானாம். மூத்தது மாதிரி என்றால் கலைத்துவிடலாம், உலகம் எங்கேயோ போய்விட்டது என்று படப்பை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார். அப்போது மூத்தவள் அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஊசி போட்டார்கள். அவருடைய அக்காவும் கூட வந்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஆம்பளையா பொட்டையா என்று. எதற்காக வந்தோம் என்பதே அந்த மண்டையில் ஏறவில்லை. டாக்டரம்மா கையைக் கழுவப் போய்விட்டார்.

வாரக்கணக்கில் காக்க வைத்துவிட்டு, எடுத்த தண்ணீரில் இருந்த உயிரணுக்கள் வளரவில்லை, ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மறுபடி ஊசி போட நாள் இல்லை. என் வயசுக்கு இன்னொரு முறை அப்படிப் பிறப்பது அபூர்வம்தான், ஆனாலும் கலைப்பதென்றால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. வயிற்றில் அது புரள ஆரம்பித்திருந்தது. எப்படி இருந்தாலும் எனக்கு அது வேண்டும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

விஞ்ஞானி எங்களையும் இழுத்துக்கொண்டு நேராக வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு பஸ் ஏறினார். பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று அக்கா சொல்லிவிட்டாளே. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. முருகன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் வைத்துக்கொள்ளலாம், சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி. கர்மம், ஒரு உயிரை வைத்துக்கொண்டு குலுக்கல் போட்டார்கள். அந்த வெயிலில் கோயிலில் வேறு குழந்தை இல்லாததால் என் பெண்ணையே கூப்பிட்டார்கள். இவளைப் போல இன்னொன்று வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை பாடும். தீர்ப்புச் சொல்ல மட்டும் இவள் கை வேண்டியிருந்தது. அந்த அசிங்கம் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

அவள் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பிரித்தேன், வெள்ளை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எடது கையில எடுத்துகீது, செல்லாது. இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லு," என்றாள் அக்கா. அவரும் தலையை ஆட்டினார். சிவப்பு வரும்வரை இது நிற்காது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானால் அக்காவும் தம்பியும் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பெண்ணைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பையன் பிறந்தான். ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அக்கா ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தாள். முருகன் வெள்ளைப் பூ கொடுத்துக் காப்பாற்றின பிள்ளை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெட்கமாவது, மானமாவது. என் பெண் தம்பியைத் தொடக் கை நீட்டினாள்.

"தொட்டுடப் போவுது, அத்த அப்பால இட்டுக்கினு போ," என்றாள் அக்கா.

நான் குழந்தையை எடுத்து என் பெண்ணின் மடியில் வைத்தேன்.

"இவ எடுத்தவன் இவன். தொடக் கூடாதவங்க நீங்க ரெண்டு பேரும்தான்."

மெதுவாகப் பேசு, அக்கா மனசு நோகும் என்றார் என் வீட்டுக்காரர். பெற்ற மகளை அப்பால் கொண்டுபோகச் சொன்னபோது அசையாத நாக்கு அது.